பொத்தானுக்கு ஒரு புகைபோக்கி

ஏரியின் மீது வர்த்தகத் துறை சுமத்திய முதல் குற்றச்சாட்டு, அதில் ஒரு குறையும் இல்லை என்பதுதான்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. கோரை அதன் பாட்டுக்கு வளர்ந்தது. பருவம் வந்தால் நாரைகள் எங்கிருந்தோ வந்து இறங்கின, முட்டையிட்டன, குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. இத்தனைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு ஏரிக்காவலர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகவே யாரும் அங்கே குப்பை கொட்ட வருவதில்லை. இவ்வளவு சும்மா இருந்து இவ்வளவு வேலை பார்த்த அரசு ஊழியர் வேறு யாரும் இல்லை. ஆனால் அதற்கு விருது கொடுக்கும் வழக்கமும் இல்லை.

ஒருநாள் வர்த்தகத் துறையிலிருந்து ஜீப் வந்தது. செயலாளர் கூப்பிடுகிறாராம்.

காவலர் பயந்துபோனார். அவர் மனைவி பயப்படவில்லை. அவள் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண். உலகத்தில் யார் யாரைக் கூப்பிட்டாலும் அதற்குள் ஒரு பேரம் இருக்கும் என்று பால்குடி மறப்பதற்கு முன்பே கற்றவள்.

"சம்பளம் ஏத்தப் போறாங்க போல. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்குங்க" என்றாள்.

"நீலத்துல காலர் கிழிஞ்சிருக்கே."

"கிழிஞ்சிருந்தாத்தான் ஏத்துவாங்க. புதுச் சட்டையில போனா, இவனுக்கு என்ன குறைச்சல்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

செயலாளரின் அறையில் மேசை கதவருகிலேயே தொடங்கி, மறு முனையில் செயலாளர் சிறிதாகத் தெரியும் அளவுக்கு நீளமாக இருந்தது. சுவரில் ஒரு பொத்தானின் படம், ஆளுயரத்துக்கு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நாட்டின் தலையாய ஏற்றுமதி அதுதான். நாலு ஓட்டைப் பொத்தான்.

"உட்காருங்க காவலரே. உட்கார்றதுல நீங்க கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன்" என்றார் செயலாளர். "நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க ஏரியை யாராவது கெடுக்கிறாங்களா?"

"இல்லைங்க சார்."

"கொஞ்சம்கூட?"

"போன வருஷம் ஒருத்தர் எருமையைக் குளிப்பாட்ட வந்தார் சார். விரட்டிட்டேன்."

"விரட்டிட்டீங்களா!" செயலாளர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அவர் விலாசம் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"எருமையோடது?"

காவலர் தலையைச் சொறிந்தார். செயலாளர் எழுந்து அந்தப் பொத்தான் படத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பேசத் தொடங்கும்போதெல்லாம் அவர் அங்கே போய் நிற்பது வழக்கம் என்பது தரைவிரிப்பு தேய்ந்திருந்ததில் தெரிந்தது.

"கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நாடு நம்ம பொத்தானுக்கு வரி போடுறாங்க. பொத்தானுக்கு இல்லை, பொத்தான்ல இருக்கிற ஓட்டைக்கு. ஓட்டைக்கு இவ்வளவுன்னு. நம்மளோடது நாலு ஓட்டை. வரியைக் குறைங்கன்னு கேட்டா, 'சுற்றுச்சூழலுக்கு நீங்க என்ன விட்டுக்கொடுப்பீங்க?'ன்னு கேட்கிறாங்க. இப்ப அதுதான் அங்க நாகரிகம். பக்கத்து நாட்டுக்காரன் காடு வெட்டுறதைப் பாதியில நிறுத்தி சர்க்கரைக்கு வரி விலக்கு வாங்கிட்டான். அதுக்கு அடுத்தவன் ஆத்துல சாயம் கலக்கிறதை நிறுத்தி செருப்புக்கு வாங்கிட்டான். நாம எதை நிறுத்துறது? ஆரம்பிச்சாத்தானே நிறுத்த முடியும்! நமக்கு முன்னாடி இருந்தவங்க ஒருத்தருக்கும் தொலைநோக்குப் பார்வையே கிடையாது. ஒரு காடு, ஒரு ஆறு, ஒண்ணைக்கூட உருப்படியா கெடுத்து வச்சிட்டுப் போகலை."

"மன்னிக்கணும் சார்" என்றார் காவலர். தன்மேல் என்ன தப்பு என்று தெரியாவிட்டாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவது அவர் பழக்கம்.

"ஒரு பொருளுக்கு எப்ப மதிப்பு வருது? அழிக்கப் போறோம்னு சொல்லும்போது. உங்க ஏரியை அழிக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட நினைக்கலை. அப்ப அதோட மதிப்பு என்ன? ஒண்ணும் கிடையாது. அநாதை மாதிரி கிடக்கு. நாங்க அதுக்கு ஒரு மரியாதை கொண்டுவரப் போறோம். பசை ஆலை!"

"பசை ஆலையா?"

"கட்டப் போறது இல்லை. கட்டப் போறோம்னு மிரட்டுறது. அவங்க பதறுவாங்க. வரியைக் குறைப்பாங்க. நாம பெருந்தன்மையா ஆலையைக் கைவிடுவோம்."

காவலருக்குப் போன மூச்சு வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். "சார், அவங்க பதறலைன்னா?"

செயலாளர் பொத்தான் படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அப்ப கட்டித்தான் ஆகணும். சொன்னதைச் செய்யாத அரசாங்கம்னு பேர் வந்துட்டா, நாளைக்கு நம்ம மிரட்டலை யார் மதிப்பாங்க?"

வீட்டுக்கு வந்து காவலர் இதைச் சொன்னபோது மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இதுல என்ன இருக்கு? எங்கப்பா கடையில தினம் நடக்கிறதுதானே. பிடிக்கலை, வேற கடைக்குப் போறேன்னு வாசல் வரைக்கும் போவாங்க. அங்க நின்னு செருப்பைத் தேடுற மாதிரி தேடுவாங்க. கூப்பிட்டா திரும்பிடலாம்னு."

"கூப்பிடலைன்னா?"

"போய்த்தான் ஆகணும். கால்ல இருக்கிற செருப்பை எவ்வளவு நேரம் தேடுறது?" கல் ஒன்றைத் தூக்கி எறிந்தாள். "ஆனா ஒண்ணுங்க. கடைக்கு வர்றவங்க அவங்க கால்ல நடந்து போவாங்க. இவங்க நம்ம ஏரியை இல்ல நடக்க விடுறாங்க."

அடுத்த வாரம் கண்காட்சிப் பந்தல் போடுகிறவர்கள் வந்து, ஒட்டுப் பலகையும் தகரமும் வைத்து ஏரிக்கரையில் ஒரு பசை ஆலையை நிறுத்தினார்கள். முன்பக்கம் மட்டும்தான். பின்னால் போய்ப் பார்த்தால் முட்டுக்கொடுத்த கம்புகளும் ஒரு தண்ணீர்க் குடமும் இருக்கும். புகைபோக்கி மட்டும் முழுசாக இருந்தது. அடியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் அடுப்பு வாய். மேலே பனைமர உயரத்துக்குத் தகரக் குழாய். அடுப்பில் ஈரச் சாக்கும் பழைய டயரும் போட்டுக் கொளுத்தினால் கரும்புகை வரும். கொளுத்தும் பொறுப்பு காவலருக்கு. அதற்காக அவருக்குத் 'தற்காலிக மாசு அலுவலர்' என்று ஒரு பதவி கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள்.

செயலாளர் பார்வையிட வந்தார். முகம் சுளித்தார்.

"ரொம்ப அழகா இருக்கே. யார் இதுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சது? மக்கள் குழந்தைகளைக் கூட்டிட்டு வந்து போட்டோ எடுத்துக்கப் போறாங்க. கொஞ்சம் அசிங்கமா பண்ணுங்கப்பா. துருப் பிடிச்ச மாதிரி ஒழுக விடுங்க. அரசாங்கக் கட்டடத்தைப் பார்த்ததே இல்லையா நீங்க?"

சுற்றுச்சூழல் துறையிலிருந்தும் ஓர் அதிகாரி வந்தார். அவர் தடுப்பார் என்று காவலர் உள்ளூர நம்பியிருந்தார். அதிகாரி புகைபோக்கியை ஏற இறங்கப் பார்த்தார், கண்கள் கலங்கின.

"இந்தத் துறைக்கு நான் வந்ததிலேர்ந்து ஒரு ஆலையைக்கூட என்னை மூட விட்டதில்லை, தெரியுமா? எங்க போனாலும் 'முதலாளி வேண்டப்பட்டவர்'னு திருப்பி அனுப்பிடுவாங்க. முதல் தடவையா, மூடுறதுக்குன்னே ஒண்ணைக் கட்டியிருக்காங்க!" என்று மூக்கை உறிஞ்சினார்.

பெரிய நாட்டின் தூதுக்குழு வந்தது. தலைவி நல்ல உயரம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். ஏரிக்கரையில் சேறு இல்லாததைக் கண்டு அவருக்குச் சற்று ஏமாற்றம். அவர் பேசப் பேச, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் புத்தகத்தை வாசிப்பதுபோலச் சொன்னார்.

"இவ்வெழில்மிகு நாரைகளைக் காணும்போது என் உள்ளம் உருகுகிறது."

தலைவி கையை நீட்டிய இடத்தில் யாரோ வளர்க்கும் வாத்துகள் இரண்டு போய்க்கொண்டிருந்தன. நாரைகள் வரும் பருவம் இன்னும் தொடங்கவில்லை. காவலர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். செயலாளர் அவர் காலை மிதித்தார்.

காவலர் அடுப்பைக் கொளுத்தினார். புகை திரண்டு மேலே போனது. தலைவி மலர்ந்த முகத்துடன் தன் புகைப்படக்காரரிடம் என்னவோ சொன்னார். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தலைவி அவர்கள் வினவுகிறார்: புகையை இன்னும் சற்று அடர்த்தியாக வெளியிட இயலுமா? அவர் நாட்டு மக்கள் இதைக் கண்டு கொதித்தெழ வேண்டும். இந்த அளவுக்கு அவர்கள் இருக்கையைவிட்டு எழ மாட்டார்கள்."

செயலாளர் காவலரைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு டயர் போடுப்பா."

இரண்டு நாடுகளும் கருத்து வேறுபாடின்றி ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

பேச்சுவார்த்தை நகரத்தின் பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்தது. காவலரையும் கூட்டிப் போய் மேசையின் கோடியில் உட்கார வைத்தார்கள். 'பாதிக்கப்படக்கூடியவர்' என்று அவர் முன்னால் ஒரு பலகை வைத்திருந்தது. அவருக்கு அது நன்றாகவே பொருந்தியது. தண்ணீர்க் குவளையை இரண்டு தடவை கவிழ்த்தார்.

காலை முழுக்க இரு தரப்பும் வாழ்த்திக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல்தான் விலை பேச ஆரம்பித்தார்கள்.

"பொத்தானில் ஓர் ஓட்டைக்கு வரி நீக்க வேண்டுமானால், எத்தனை நாரைகளைக் காப்பாற்றித் தருவீர்கள்?" என்றார் மொழிபெயர்ப்பாளர், தலைவியின் குரலில்.

"ஓட்டைக்கு ஒரு டஜன்" என்றார் செயலாளர்.

"அது போதாது. சர்க்கரைக்கார நாடு இதைவிடக் குறைந்த சலுகைக்கு ஒரு புலியே கொடுத்தது."

"அது கிழட்டுப் புலி! எங்களோடது இளம் நாரை. கால் நீளம். வேணும்னா காவலரைக் கேளுங்க. இந்த விலைக்கு எங்க ஏரியில கொக்குகூடக் காப்பாத்த முடியாது. வாங்கின விலையே கட்டுப்படியாகாது."

காவலருக்குக் கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. தன்னையும் அறியாமல் எழுந்துவிட்டார்.

"சார், அது நம்ம நாரையே இல்லைங்களே. முட்டை வைக்கத்தான் இங்க வருது. மத்த நாளெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அவங்க நாட்டுப் பறவைதான் அது."

 மொழிபெயர்ப்பாளர் இதை மெல்லிய குரலில் தலைவியின் காதில் சொன்னார்.

தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் எங்கள் குடிமக்களின் மீதா இத்தனை நாள் புகை விட்டீர்கள்?"

"குடிமக்களா!" செயலாளர் மேசையைத் தட்டினார். "உங்க குடிமக்கள் வருஷா வருஷம் எங்க ஏரியில வந்து தங்கிப் பிரசவம் பார்த்துக்கிட்டுப் போறாங்க. இதுவரைக்கும் ஒரு பைசா வாடகை கொடுத்திருக்கீங்களா? மீன் சாப்பிட்ட கணக்கு தனி!"

தலைவி கோப்புகளை மூடினார். செயலாளரும் மூடினார். காவலர் தன் வாயை மூடிக்கொண்டார், காலம் கடந்துவிட்டது. இரு தரப்பும் எழுந்து வெளிநடப்புச் செய்தன.

வெளிநடப்பு என்பது நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். ஒருவர் பேனாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்தார். ஒருவர் கோட்டுக்குக் கையைத் தேடினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே நகர்ந்து நகர்ந்து கதவுக்கு வந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அந்த அறைக்கு ஒரே கதவு. இரு தரப்பும் அங்கே முட்டிக்கொண்டு நின்றன.

முதலில் வெளியே போகிறவர்தான் பேச்சுவார்த்தையை முறித்தவர். முறித்தவர் சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும். செயலாளர் பசை ஆலையைக் கட்டியாக வேண்டும். தலைவி ஓட்டை வரியை இரட்டிப்பாக்கியாக வேண்டும். அவர் நாட்டில் பாதிப் பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க நேரும்.

"நீங்க முதல்ல போங்கம்மா" என்றார் செயலாளர்.

"விருந்தினர் என்ற முறையில் தங்களுக்கே வழிவிடுகிறேன்."

"எங்க ஊர்ல விருந்தாளிதான் முதல்ல."

"எங்கள் நாட்டில் விருந்தோம்புவோரே முதல்."

வெளியே பல் மருத்துவர்கள் மாநாடு. அவர்கள் அந்த அறையை அடுத்த வேளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே வரத் தள்ளினார்கள். இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் வெளியே போய்விடாமல் திரும்பித் தள்ளினார்கள். நடுவில் காவலர். ஒரு பக்கம் தலைவியின் முழங்கை, இன்னொரு பக்கம் யாரோ ஒரு பல் மருத்துவரின் விலா. கதவு ஒரு சாண் திறக்கும்போதெல்லாம் அவருக்கு ஏரி கண்ணுக்குள் வந்து போனது. அவரும் உயிரைக் கொடுத்துக் கதவை அடைத்துத் தள்ளினார். அந்த நாட்டுக்காக இவ்வளவு பாடுபட்டவர் அன்று வேறு யாரும் இல்லை.

மூச்சு முட்டிய நிலையில்தான் இரு தரப்புக்கும் ஞானம் பிறந்தது. கதவிடுக்கிலேயே பேசி முடித்தார்கள். உள்ளே பிதுங்கி வந்துவிட்ட ஒரு பல் மருத்துவரின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் கையெழுத்தின்போது அவர் நெளிந்ததால் பெரிய நாட்டின் கையொப்பம் இன்றளவும் சற்று வளைந்தே இருக்கிறது.

மறுநாள் செயலாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்.

"இது சரித்திர வெற்றி. ஓட்டையே இல்லாத பொத்தான்களுக்கு முழு வரி விலக்கு வாங்கியிருக்கோம்."

"ஓட்டை இல்லாத பொத்தானை எப்படித் தைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"அது தையல் துறை சம்பந்தப்பட்ட கேள்வி" என்றார் செயலாளர். கைதட்டல் எழுந்தது. துறை ஊழியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

காவலர் கூட்டம் கலையும்வரை காத்திருந்து பக்கத்தில் போனார். "அப்ப ஆலையைப் பிரிச்சிடலாங்களா சார்? பந்தல்காரங்க வாடகைக்கு நச்சரிக்கிறாங்க."

"பிரிக்கிறதா!" செயலாளர் அவரை ஓரமாக இழுத்தார். "உடனே நிறுத்துங்கன்னுதான் அந்தம்மா கேட்டாங்க. நான் மசியலை. மல்லுக்கட்டி இருபது வருஷம் வாங்கியிருக்கேன். புகையைப் படிப்படியாத்தான் குறைப்போம். வருஷத்துக்கு நூத்துல அஞ்சு பங்கு."

"நாளைக்கே நிறுத்திடலாமே சார்? டயர்தானே எரியுது."

"நாளைக்கே நிறுத்தினா சும்மா விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிடாதா? இருபது வருஷம் கஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்தாத்தான் மரியாதை. வருஷா வருஷம் அவங்க ஆய்வாளர் வந்து அளந்து பார்ப்பார். புகை கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. தப்பு நடந்தா ஒப்பந்தம் ரத்து. ரத்தானா..." செயலாளர் பெருமூச்சு விட்டார். "நிஜ ஆலைதான். செங்கல் விலைகூட விசாரிச்சு வச்சிருக்கேன்."

இப்படியாக, புகையே இல்லாதிருந்த ஏரிக்கரையில், சுற்றுச்சூழலைக் காப்பதற்காக நாள்தோறும் புகை விடும் பணி தொடங்கியது. காவலர் காலையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அடுப்பைக் கொளுத்துவார். மாலையில் கரி அப்பிய முகத்துடன் வீட்டுக்குப் போவார்.

"யாருங்க நீங்க?" என்பாள் மனைவி கதவைத் திறந்து.

"சுற்றுச்சூழல்" என்பார் அவர்.

பருவம் வந்தது. நாரைகள் வந்தன. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றின, புகையைப் பார்த்தன, தூரத்துக் கரையில் போய் ஒதுங்கின. ஒரு ஜோடி மட்டும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை என்பதால் சுற்றுச்சூழலுக்கும் விடுமுறையாக இருந்த அன்று, அந்த ஜோடி புகைபோக்கியின் உச்சியில் குச்சி அடுக்கத் தொடங்கியது. திங்கட்கிழமை காவலர் டயரோடு வந்தபோது கூடு முடிந்திருந்தது. பெண் நாரை அதில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், அதற்கும் அதுதான் உத்தியோகம் போலிருந்தது.

காவலர் டயரைக் கீழே வைத்தார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

குஞ்சு பொரித்த சில நாளில் ஆய்வாளர் வரப்போவதாகத் தகவல் வந்தது. செயலாளர் அலறியடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தார்.

"புகை எங்கே?"

காவலர் மேலே கையைக் காட்டினார். செயலாளர் அண்ணாந்தார். நாரை குனிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை இறக்குங்க."

"ஒப்பந்தத்துல நாரையைத் தொடக்கூடாதுன்னு இருக்குங்களே சார்."

"தொடாம இறக்குங்க."

"குஞ்சு இருக்கு சார். மூணு."

"மூணுதானே! ஓட்டைக்கு ஒரு டஜன்னு பேசினேன். மூணு குஞ்சுக்குக் கால் ஓட்டைதான் வரும். கொளுத்துங்க." சொன்னதோடு நிற்காமல் தாமே ஒரு சாக்கை மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்துவந்தார். "உங்களால முடியலைன்னா நான் கொளுத்துறேன். ஏரி பூரா போறதைவிட ஒரு கூடு போகட்டும்."

காவலர் வாழ்நாளில் மேலதிகாரி பேச்சை மீறியதில்லை. மீறுவது எப்படி என்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்தார். போய் அடுப்பு வாய்க்குள் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"வெளிய வாய்யா!"

"மன்னிக்கணும் சார்" என்றது புகைபோக்கி.

"உனக்குப் பதவி உயர்வு தர்றேன்யா. நிரந்தர மாசு அலுவலர்!"

"மன்னிக்கணும் சார்."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி இந்தக் காட்சியைப் பார்த்தாள். ஒரு கையில் சாக்கும் ஒரு கையில் தீப்பெட்டியுமாகச் செயலாளர், அடுப்புக்குள் புருஷன். "ஏங்க, குழம்பை உள்ளயே கொடுத்திடவா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். தோளில் ஒரு பெட்டி. நம் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர்.

"வணக்கம். புகையை அளக்க வந்துள்ளேன். அடுப்பினுள் அமர்ந்திருப்பவர் யார்?"

"துறை ஊழியர்" என்றார் செயலாளர், சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. "ஈடுபாடு அதிகம்."

ஆய்வாளர் பெட்டியைத் திறந்து கருவியைப் புகைபோக்கிக்கு அருகில் வைத்தார். முள் அசையவில்லை. தட்டினார். அசையவில்லை. அவர் முகம் வாடியது.

"ஐயோ. புகை அறவே இல்லை. இருபது ஆண்டில் குறைக்க வேண்டியதை ஒரே ஆண்டில் குறைத்துவிட்டீர்கள். இது அப்பட்டமான விதிமீறல். ஒப்பந்தம் ரத்தாகும் என்று நான் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதாதீங்கய்யா" என்றது அடுப்பு. குரல் தகரக் குழாய்க்குள் ஏறி உச்சியில் எதிரொலித்தது, குஞ்சுகள் கீச்சிட்டன. "ஏரியைத் தூர்த்துடுவாங்க. மேல மூணு குஞ்சு இருக்கு. உங்க ஊருக்குத்தான் பறந்து வரப்போகுது."

ஆய்வாளர் அண்ணாந்து கூட்டைப் பார்த்தார்.  செங்குத்தாக நின்ற மூன்று சின்ன அலகுகள் தெரிந்தன. அவர் கெட்டவர் அல்லர். விதி தெரிந்தவர், அவ்வளவுதான். என்ன செய்வதென்று தெரியாமல் காவலரின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டைப் பையைத் துழாவி ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்து, மனவேதனையோடு ஒரு இழுப்பு இழுத்து விட்டார்.

கருவியின் முள் துள்ளிக் குதித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். காவலர் மட்டும் அடுப்புக்குள் இருந்ததால் பார்க்கவில்லை. "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் பேச வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். ஜவுளி வியாபாரத்தில் அந்தக் கணத்துக்கு ஒரு வாசனை உண்டு. அது அவள் மூக்குக்குத் தெரியும்.

"அண்ணே, புகை எங்கேர்ந்து வரணும்னு ஒப்பந்தத்துல இருக்கா?"

ஆய்வாளர் தாளைப் புரட்டினார். "ஏரிக்கரையில் அளக்கப்படும் புகை என்று மட்டுமே உள்ளது."

"இது ஏரிக்கரைதானே?"

"ஆம்."

"அளந்துட்டீங்கதானே?"

ஆய்வாளர் கருவியைப் பார்த்தார், சிகரெட்டைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்தார். முள் மேலும் ஏறியது.

"இன்னும் சற்றுக் குறைவாகவே உள்ளது" என்றார் தயக்கத்துடன்.

"இன்னொண்ணு பத்த வைங்க. சார், நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்க. நாட்டுக்காகத்தானே?"

செயலாளர் பழக்கமில்லாதவர். இருமி இருமி நாட்டுக்குத் தொண்டாற்றினார். அரை மணி நேரத்தில் முள் உரிய இடத்தில் வந்து நின்றது. ஆய்வாளர் எழுந்து, மகிழ்ச்சியுடன் எழுதினார்: புகை வெளியீடு உடன்படிக்கையின்படி நூற்றில் ஐந்து பங்கு குறைக்கப்பட்டுள்ளது. நாரைகள் நலம்.

இரு நாட்டுப் பத்திரிகைகளும் அதை முதல் பக்கத்தில் போட்டன. பெரிய நாட்டின் தலைவி கண்கலங்கினார். செயலாளர் தொண்டை கட்டியிருந்ததால் அன்று உரையாற்றவில்லை. துறை வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

காவலர் அடுப்பிலிருந்து வெளியே வந்து, தன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.

மறு வருஷம் ஆய்வாளர் வந்தபோது முன்பைவிடச் சற்றுத் தெளிவாக இருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பெட்டியைத் திறந்தார், கருவியை வைத்தார், ஆனால் சட்டைப் பைக்குக் கை போகவில்லை.

"அம்மணி, ஒரு சங்கடம்" என்றார் காவலரின் மனைவியிடம். "நான் புகைப்பதை நிறுத்திவிட்டேன். மருத்துவர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்."

"உடனேயா?" அவள் முந்தானையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தாள். நுனியில் நூற்றில் பத்துப் பங்கை அளந்து கத்தரித்து வைத்திருந்தாள். "அது எப்படிண்ணே முடியும்? படிப்படியாத்தான்னு உங்க அரசாங்கம் கையெழுத்துப் போட்டிருக்கே. பிடிங்க. இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு."